வாத்தியார் வீட்டுத் தேன்

என் மாமனார் தேன் பெட்டியில் காதை வைத்துக்கொண்டு நின்றார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். தென்காசியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்புறம். முருங்கை மரத்தடியில் ஒரு ஸ்டூல், அதன்மேல் மரப்பெட்டி. மாமனார் அச்சன்புதூரிலிருந்து வில்வண்டியில் வந்து இறங்கியவர், கால் கழுவப் பின்பக்கம் போனார். போனவர் கால் கழுவவில்லை. பெட்டியை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார். பிறகு குனிந்து காதை வைத்தார்.

"சத்தமே இல்லியே மாப்ள?"

"மத்தியானத்துல கொஞ்சம் தூங்கும், மாமா" என்றேன்.

அப்போது நான் உயர்நிலைப் பள்ளியில் சயன்ஸ் வாத்தியார். தேனீ மத்தியானத்தில் தூங்கும் என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் கிடையாது. என் வகுப்பில் எவனாவது அப்படி எழுதியிருந்தால் காதைத் திருகியிருப்பேன். உண்மை என்னவென்றால், அந்தப் பெட்டியில் தூங்குவதற்குக்கூட ஒரு தேனீ இல்லை. இரண்டு நாள் முன்பே அத்தனையும் போய்விட்டன.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. அதில் வாத்தியார் குடும்பத்தின் காணிக்கை தேன் என்று ஊருக்கே சொல்லியாயிற்று.

"ஓ" என்றார் மாமனார். அவ்வளவுதான் சொன்னார்.

சுண்ணாம்பு விளைந்த தோட்டம்

தேனுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். வாழைத்தாரில் தொடங்கிய சம்பந்தம்.

அறுப்பின் பண்டிகையைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கார் நெல் அறுப்பாகும் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபையில் உள்ள ஒவ்வொரு குடும்பமும் தன் விளைச்சலில் முதலில் வந்ததைக் கோயிலுக்குக் கொண்டுவந்து வைக்கும். நெற்கதிர், பூசணி, தேங்காய், மரச்சீனிக் கிழங்கு, கோழி. கோயில் முழுக்க வைக்கோல் வாசமும் கோழிச் சத்தமுமாக இருக்கும். ஐயர் ஒவ்வொரு குடும்பமாகப் பெயர் வாசிப்பார், இன்னார் குடும்பம் இன்னது என்று. எங்கள் பக்கத்துச் சபைகளில் தேவாலயத்தைக் கோயில் என்றும் போதகரை ஐயர் என்றும்தான் சொல்வது வழக்கம். பெயர் வாசித்ததும் அந்தக் குடும்பம் எழுந்து நடந்துபோய்ப் படியில் வைத்துவிட்டு வரவேண்டும்.

என் அப்பா செங்கோட்டை ரயில் நிலையத்தில் பாயிண்ட்ஸ்மேன். எங்களுக்கு விளைந்ததெல்லாம் மாதக் கடைசியில் விளைந்த சம்பளம்தான். துளசி வைக்கக்கூடச் சொந்த மண் கிடையாது. இப்படிப்பட்டவனுக்கு அச்சன்புதூர் குளத்துப் பாசனத்தில் வயல் வைத்திருப்பவர் தன் ஒரே மகள் ஜெயமணியைக் கொடுத்தார். மாப்பிள்ளை படித்தவர் என்பதற்காகக் கொடுத்தார். கொடுத்த பிறகு படிப்பை வைத்து என்ன செய்வது என்று அவருக்குப் புரியவில்லை.

கல்யாணமான முதல் வருஷப் பண்டிகைக்கு நான் சந்தையில் நல்ல வாழைத்தார் ஒன்று வாங்கிக் கொண்டுபோய் வைத்தேன். மாமனார் அன்றைக்கு எங்கள் கோயிலுக்கு வந்திருந்தார். ஆராதனை முடிந்து எல்லோரும் சுற்றி நிற்கும்போது என் தாரை மெதுவாகத் திருப்பினார். காம்பில் மண்டிக்காரன் போட்ட சுண்ணாம்புக் குறி இருந்தது. அதைக் கட்டைவிரலால் துடைத்தார். விரலைப் பார்த்தார்.

"மாப்ள தோட்டத்துல சுண்ணாம்பும் வெளையுதோ?"

எல்லோரும் சிரித்தார்கள். ஐயரும் சிரித்தார். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய? ஜெயமணி மட்டும் சிரிக்கவில்லை.   இன்று நினைத்தாலும் அந்தக் கட்டைவிரல் கண்முன் வருகிறது.

நிலமில்லாதவனுக்கு விளைச்சல் எங்கிருந்து வரும் என்று பல நாள் யோசித்தேன். கோழி வளர்க்கலாம், வீட்டுக்காரர் விடமாட்டார். அப்போதுதான் குற்றாலத்தில் மூன்று நாள் தேனீ வளர்ப்பு முகாம் என்று பள்ளிக்கூடத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. அடுத்தவன் தோட்டத்துப் பூவில் நம் வீட்டு விளைச்சல்! நிலவரி இல்லை, தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். எனக்காகவே ஆண்டவர் படைத்த பிராணி என்று நினைத்தேன்.

ராணி ஆஜர்

முகாமில் சொல்லிக்கொடுத்தவர் புளியறைக்கு அந்தப் பக்கத்து ஆள். பாதி மலையாளம், பாதி தமிழ். கையுறை போடாமல் தேனீக் கூட்டத்துக்குள் கைவிட்டு, பிள்ளைக்குத் தலை வாருவதுபோல் விலக்கிக் காட்டுவார். கடைசி நாள் சான்றிதழும் ஒரு பெட்டியும், பெட்டி நிறையத் தேனீக் குடியும் கொடுத்து அனுப்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சாரே, பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா தொறந்தா மதி. கேட்டோ? சும்மா சும்மா தொறக்கண்டா. அதுக்கு தேஷ்யம் வந்தா வீட்ட விட்டுப் போயிடும்."

தேஷ்யம் என்றால் அவர் பாஷையில் கோபம். நான் தலையாட்டினேன். மறுநாள் காலையில் திறந்தேன்.

அது என் குற்றமில்லை, தொழில் குற்றம். தினம் காலையில் அறுபது பையன்களை எண்ணி ஆஜர் போட்ட கை சும்மா இருக்குமா? பள்ளிக்கூடத்துக்குப் போவதற்கு முன்னால் ஒருமுறை, வந்தபின் ஒருமுறை, தகர டப்பாவில் தேங்காய் நாரைக் கொளுத்திப் புகை போட்டு மூடியைத் தூக்கிவிடுவேன். ஒரு நோட்டும் போட்டிருந்தேன். 'ராணி ஆஜர். முட்டைகள் உண்டு. பொதுவாக நடத்தை திருப்தி.' சில நாள் ராணி கண்ணில் படமாட்டாள். அன்றைக்கு ஒவ்வொரு மரச்சட்டமாக உருவித் தேடுவேன். எல்லாக் கொட்டும் அந்த நாட்களில் வாங்கியதுதான். ஒரு கண் மூடியபடியே பத்தாம் வகுப்புக்கு ஒளியியல் நடத்தியிருக்கிறேன்.

ஜெயமணியின் வழக்கு வேறு. துவைத்துக் காயப்போட்ட வேட்டியில் எல்லாம் மஞ்சள் மஞ்சளாகப் பொட்டு.

"ஏங்க, இது என்னது?"

"தேனீ எச்சம். ஒண்ணும் செய்யாது."

"ஒண்ணும் செய்யாதா? நாலு வேட்டியும் போச்சு. மஞ்சத் தண்ணி ஊத்தின மாதிரி பள்ளிக்கூடத்துக்குப் போறீங்க. பிள்ளைக சிரிக்காதா?"

எறும்பு வரக்கூடாது என்று ஸ்டூலின் நான்கு காலுக்கும் நான்கு தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். அகழி! கோட்டைக்குள் எறும்பு எப்படி வரும் பார்க்கலாம் என்று பெருமையாக இருந்தது. ஒரு வாரம் கழித்து மூடியைத் தூக்கினால் உள்ளே எறும்புச் சாரை. முருங்கைக் கிளை ஒன்று தாழ்ந்து பெட்டியின் தலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. எறும்புகள் அகழியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மேல்வழியாக வந்து போயிருக்கின்றன. சயன்ஸ் வாத்தியார் வீட்டுக்கு என்று வந்த எறும்பு.

சாரல்

இத்தனைக்கும் நடுவில் நான் செய்த பெரிய தப்பு, ஐயரிடம் வாயைக் கொடுத்தது. "இந்த வருசம் பண்டிகைக்கு எங்க வீட்டுத் தேன் வரும் ஐயரே" என்று சொல்லி வைத்தேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த ஞாயிறே பிரசங்கத்தின் நடுவில் அறிவித்துவிட்டார். அதற்குப் பிறகு கடைத்தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் சுகம் விசாரிப்பது என்னையல்ல, தேனீயைத்தான்.

சாரல் தொடங்கியது. ஊரே குற்றாலத்தைப் பார்க்க ஓடுகிற காலம். எங்கள் வீட்டிலும் ஜெயமணியின் சித்தி, அத்தை என்று ஆள் மாற்றி ஆள். குளித்துவிட்டுத் திரும்பும்போது கையில் தவறாமல் ஒரு தேன் புட்டி. அருவிக்குப் போகும் பாதையில் விற்பார்கள். கருப்பட்டிப் பாகுதான். அதில் ஒரு துண்டு தேனடை மிதக்கும், அடையில் சாட்சிக்கு ஒரு செத்த தேனீ ஒட்டியிருக்கும். "இவ்வளவு பெரிய தேனீ மலைத்தேனீ அத்தை. அதை எங்கயாவது பொறக்கிப் போடுவான். உள்ள இருக்கது கருப்பட்டி" என்று நான் வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பெடுப்பேன். "நம்ம வீட்டுத் தேன் வரட்டும், அப்புறம் பாருங்க" என்பேன்.

நம் வீட்டுத் தேனீக்கள் வெளியே தலைகாட்டவில்லை. காற்றும் தூறலுமாக இருக்கையில் பூவுக்கு எங்கே போகும்? இருந்த தேனைத் தாங்களே தின்று தீர்த்தன. முகாமில் சொன்னது நினைவு வந்து, சீனிப் பாகு காய்ச்சி ஒரு தட்டில் ஊற்றி உள்ளே வைத்தேன். தேனீக்கள் ஓடி வந்து குடித்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெயமணி அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடையில சீனி வாங்கி மேல ஊத்துதீங்க. கீழ அதையே புடிச்சு கோயிலுக்குக் கொண்டு போனா, அது நம்ம வெளைச்சலா?"

"இது பஞ்சத்துக்குக் கஞ்சி ஊத்துத மாதிரி. வெயில் வந்ததும் பூவுக்குப் போயிடும்."

"அப்பா கண்டுபிடிச்சிருவாங்க" என்றாள்.

அதுதான் எனக்கும் பயம். ஐயர் ஏமாறுவார், ஊர் ஏமாறும். அந்தக் கட்டைவிரல் ஏமாறாது.

வெயில் வந்தது. தேனீக்கள் பூவுக்குப் போகத் தொடங்கின. மேல்தட்டில் வெள்ளையாகப் புதிய அடை ஏறியது. பண்டிகை நெருங்க நெருங்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தேன் ஏறிவிட்டதா, அடைக்கு மெழுகு மூடி போட்டுவிட்டனவா என்று நாளுக்கு நாலு தடவை பார்த்தேன். சோறு கொதிக்கிறதா என்று பார்ப்பதுபோல் பார்த்தேன்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். ஜெயமணி வாசலிலேயே நின்றாள்.

"போயிட்டுதுவ."

"எது?"

"எல்லாந்தான். பதினோரு மணி இருக்கும். குபீர்னு மேல எந்திச்சு, முருங்கைக்கு மேல ஒரு சுத்து சுத்திட்டு, தண்டவாளத்தத் தாண்டி மேக்க போயிட்டுதுவ."

"எங்க போச்சு?"

"சொல்லிட்டா போவுது?"

மூடியைத் தூக்கினேன். புகை போட வேண்டியிருக்கவில்லை. போகும்போது தேனைக் காலி செய்துவிட்டுத்தான் போயிருந்தன. ஓரமாக ஒரு விரல் அகலம் மட்டும் மிச்சம். ஆளுக்கு ஒரு விரல் தொட்டு நக்கினோம். லேசான கசப்பு, அதற்குப் பின்னால் நல்ல தித்திப்பு. சீனி இல்லை. நிஜமாகவே பூவில் எடுத்த தேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். ஜெயமணி என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

நனையாத துண்டு

வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போய் வாழைத்தார் வாங்கி வந்தேன். அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்துத் தேங்காய் நாரால் சுண்ணாம்புக் குறியைத் தேய்த்தேன். குறி போயிற்று, தோலும் போயிற்று. இன்னும் மோசமாகத் தெரிந்தது.

மறுநாள் மாமனார் நெற்கதிரோடு வந்து இறங்கி, பெட்டியில் காது வைத்த கதையை முதலிலேயே சொல்லிவிட்டேன். "ஓ" என்றவர் உள்ளே வந்து மோர் குடித்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"குத்தாலத்துல போயி ஒரு குளி குளிச்சிட்டு வாரேன்."

ஜெயமணி நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குத் தெரிந்து அவர் அருவியில் குளித்ததே இல்லை. "நம்ம ஊரு குளத்துல இல்லாத தண்ணியா? அங்கன போயி மண்டையக் குடுக்கணுமாக்கும்" என்று குளிக்க வருகிற உறவினரைக் கேலி செய்கிறவர்.

"நானும் வாரேன் மாமா" என்றேன்.

"நீங்க இருங்க மாப்ள. காலையில தேன் எடுக்கணும்லா, அதப் பாருங்க."

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தார். தோளில் துண்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. தலையில் எண்ணெய் போட்டு எடுத்த வகிடு அப்படியே இருந்தது.

"தண்ணி எப்படி மாமா?"

"நல்லா விழுது" என்றார்.

காலையில் பல் துலக்கப் பின்பக்கம் போனேன். தேன் பெட்டியின் மூடிமேல் ஒரு புட்டி நின்றது. கறுத்த திரவம். அடைத்திருந்த துணியைச் சுற்றிப் பனைநார்க் கட்டு. மாமனார் நெற்கதிரில் போட்டிருந்த அதே கட்டு. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். உள்ளே ஒரு துண்டு அடை மிதந்தது. அடையில் ஒட்டிக்கொண்டு ஒரு செத்த மலைத்தேனீ, என் பெட்டிக்காரிகளைப்போல் இரண்டு மடங்கு.

அப்படியே நின்றேன். வாழைத்தாரில் சுண்ணாம்பைக் கண்டுபிடித்த மனுஷன் இந்தப் புட்டியில் ஏமாந்துவிட்டாரா, அல்லது தெரிந்தேதான் வாங்கினாரா? திரும்பினேன். மாமனார் வண்டி மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். என் பக்கம் பார்க்கவே இல்லை.

"எடுத்தாச்சா மாப்ள?" என்று மாட்டைப் பார்த்துக் கேட்டார்.

"எடுத்தாச்சு, மாமா."

வாழைத்தாரைக் கட்டிலுக்கு அடியிலேயே விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனோம். ஐயர் குரலை உயர்த்தி, "வாத்தியார் குடும்பம், தேன்" என்று வாசித்தார். ஜெயமணியும் நானும் எழுந்தோம். அந்த நடை எவ்வளவு நீளம் என்று நடந்தவனுக்குத்தான் தெரியும். கையில் இருந்தது பச்சைப் பொய். ஆனாலும் முந்தின வருஷம் குனிந்த தலை அன்று குனியவில்லை. அதற்கு நான் இன்றுவரை வெட்கப்படுகிறேன், சந்தோஷமும் படுகிறேன்.

ஆராதனை முடிந்து பழத்தில் தேன் விட்டுப் பிசைந்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். ஐயர் ஒரு வாய் போட்டார். மென்றார். நெற்றியைச் சுருக்கினார்.

"வாத்தியாரே, தேன்ல கருப்பட்டி வாசம் வருதே?"

சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். 

"பனம்பூத் தேன் ஐயரே" என்றது பின்னாலிருந்து மாமனாரின் குரல். "தேனீ பனையிலயும் உக்காரும்லா. அப்ப அந்த மணம் இல்லாம எப்படி இருக்கும்?"

"அதானே!" என்றார் ஐயர். எல்லோரும் தலையாட்டினார்கள். தான் சின்ன வயதில் பனம்பூத் தேன் சாப்பிட்டிருப்பதாக ஒருவர் சாட்சியும் சொன்னார்.

பனை பூக்காத வருஷம்

மறுநாள் வண்டி பூட்டும்போது மாமனார் காலிப் பெட்டியைத் தூக்கி வைக்கோல்மேல் வைத்தார். "இது இங்கன கெடந்து என்ன செய்யப் போவுது? வயக்காட்டுல கொண்டு வைக்கேன்" என்றார். நான் முகாமில் கொடுத்த சான்றிதழையும் சேர்த்துக் கொடுத்திருப்பேன், அவர் கேட்கவில்லை.

தை மாதம் ஒரு தபால் கார்டு வந்தது. எல்லோரும் சுகம், பசு கன்று போட்டிருக்கிறது, பெட்டியில் தேனீ தானாக வந்து குடியேறியிருக்கிறது என்று மூன்று வரி. கோடை விடுமுறையில் போய்ப் பார்த்தேன். கிணற்று மேட்டில் புங்க மரத்தடியில் பெட்டி. இரைச்சல் பத்தடி தூரத்திலேயே கேட்டது.

"எத்தன நாளைக்கு ஒருக்கா தொறக்கீங்க மாமா?"

"நான் எதுக்குத் தொறக்கணும்? வெதச்ச நெல்லு மொளைச்சிருக்கான்னு தோண்டியா பாக்கோம்?"

அடுத்த பண்டிகைக்கு அவர் கதிரோடு ஒரு புட்டியும் கொண்டுவந்தார். பொன் நிறம், உள்ளே எதுவும் மிதக்கவில்லை. உங்கள் பெயரிலேயே வையுங்கள் மாமா என்றேன். "பெட்டி உங்களது. ஒழைச்சது அது. நான் பூவுக்குக் காவல்காரன், அவ்வளவுதான்" என்று என் கையில் திணித்துவிட்டார்.

"வாத்தியார் குடும்பம், தேன்." நடந்தோம், வைத்தோம். இந்தத் தடவை சொட்டுப் பொய் இல்லை. பழத்தோடு பிசைந்து கொடுத்தார்கள். ஐயர் ஒரு வாய் போட்டார். அதே மாதிரி நெற்றியைச் சுருக்கினார்.

"ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க வாத்தியாரே. போன வருசத் தேன் மாதிரி இல்ல. அதுல ஒரு மணம் இருந்துது பாருங்க, அதான் அசல் தேன்."

மாமனாரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன செய்ய ஐயரே" என்றார். "இந்த வருசம் பனை பூக்கல."

சொல்லிவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. எனக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் கோயில் மதில் ஓரமாகப் போய் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். ஐயர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார்.

வீட்டுக்கு நடந்துவரும்போது, ஒரு வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"மாமா, அன்னைக்குக் குத்தாலத்துல தண்ணி நெசமாவே நல்லா விழுந்துதா?"

"நல்லாத்தான் விழுந்துது மாப்ள" என்றார். "நான்தான் நனையல."